கொலுவுக்கு வந்த ராணியின் பசி

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தை உன் கல்யாண வேட்டியின் இரண்டாவது மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். காசி யாத்திரைக்காக உனக்குக் குடையும் கைத்தடியும் கொடுத்து மண்டபத்து வாசலில் நிறுத்துவார்கள். உன் மாமனார் வந்து கையைப் பிடித்து, 'காசிக்கு வேண்டாம், என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று திருப்பி அழைத்துப் போகும்வரை உனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. அப்போது படி. புரோகிதர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். அக்ரஹாரத்தில் ஊருக்கெல்லாம் நான் மாமா. தசரா யானைகூட நம் தெருமுனையில் நின்று, 'மாமா சௌக்கியமா' என்று தும்பிக்கையை ஆட்டிவிட்டுத்தான் அரண்மனைக்குள் போகும். உனக்கு ஒருவனுக்குத்தான் அப்பா. அப்பாவாக நான் எழுதும் முதல் நீளமான கடிதம் இது. இதில் பாதிக்கு மேல் இறாலைப் பற்றித்தான் இருக்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ நார்வேக்குக் கிளம்பிய அன்று, அதாவது சூரியன் பாதி வருஷம் லீவு போட்டுவிடும் அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று, ஒரு ராஜ்ஜியத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். கூடத்து மூலையில் உன் கண்ணாடிக் கடல். அதற்குள் ஒரு ராஜா இறால், ஒரு ராணி இறால். இரண்டும் பெருவிரல் நீளம்தான். தந்த வெள்ளை உடம்பில் ஊதாவும் ரோஜாவுமாகத் திட்டுத் திட்டாக, அரண்மனைக் கூரையை வரைந்த ஓவியன் மீதிச் சாயத்தைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு விசிறிபோலக் கைகள். இதற்கு மேல் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, செம்புப் பாத்திரம் கிட்டவே போகக்கூடாது என்று நீ போட்ட சட்டங்கள் தனி. உனக்கு அவற்றை விற்ற பெங்களூர்க் கடைக்காரர் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். நீதான், "வேண்டாம், எங்கப்பா பாத்துப்பார்" என்றாய். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, தெருவைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, போகிற ஸ்கூட்டருக்கெல்லாம் மனசுக்குள் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்த காலம் அது எனக்கு. சரி என்றேன். உலகத்தில் எதுவுமே சாப்பிடாமல் இருக்காது, நாம் சாப்பிடுவதை அதுவும் சாப்பிடும் என்று நினைத்தேன்.

அங்கேதான் இடித்தது. இந்த ஜோடி நட்சத்திர மீனைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காது. நீ சொல்லித்தான் போயிருந்தாய். ஆனால் முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது காதில் ஏறவில்லை. திருத்திவிடலாம் என்று பார்த்தேன். கடையில் விற்கும் உருண்டைத் தீனியைப் போட்டேன். ஊறவைத்த பட்டாணியை உரித்துப் போட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு பருக்கை பிஸிபேளாபாத்தையும் இறக்கிப் பார்த்தேன். ராஜா வந்தார். பருக்கையைத் தூக்கினார், திருப்பினார், மேலும் கீழும் பார்த்தார். உப்பு போதாது என்று தீர்ப்பு எழுதுகிறவர் மாதிரி அதை ஒரு பாறைக்குப் பின்னால் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அப்பா, தண்ணி கெட்டுப்போயிடும். பட்டாணியும் வேண்டாம், பாத்தும் வேண்டாம். ஸ்டார் மட்டும்தான்" என்று என்னை வறுத்து எடுத்தாய். மகனே, நாளை முதல் உன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்கப்போகிறது. அந்தத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நீ பட்டாணி உரிக்காதே. உன் அம்மாவைக் காபியிலிருந்து டீக்கு மாற்ற நான் செய்த முயற்சிகளை எழுதினால் தனிப் புராணமாகும். இன்றுவரை அவள் காபிதான் குடிக்கிறாள். இப்போது நானும் காபி.

பிறகு அதே பெங்களூர்க் கடையிலிருந்து நட்சத்திர மீன் பஸ் பார்சலில் வர ஆரம்பித்தது. முதல் முறை அந்தச் சாப்பாட்டை நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன். இன்னொரு கண்ணை மூடியிருந்தேன், சாஸ்திரத்துக்கு. அப்புறம் இரண்டு கண்ணும் தானாகத் திறந்துகொண்டன. நட்சத்திரம் இவர்களைவிடப் பெரியது, மணலை உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு அசையாது. ராஜா அதன் ஒரு கை நுனியைப் பிடித்து மெல்ல நெம்புவார். அந்த இடுக்கில் ராணி நுழைந்து, அடியிலிருக்கும் சின்னச் சின்னக் கால்களை ஒவ்வொன்றாக விடுவிப்பாள். அவர் தூக்க, இவள் தள்ள, கடைசியில் நட்சத்திரம் தோசைபோலப் புரண்டு விழும். தனியாக ஒன்றால் அத்தனை பெரியதைப் புரட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் அதிகம் தூக்கினார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததும் இல்லை. இதையும் கவனித்து வைத்துக்கொள்.

உன் அம்மா மட்டும் தொட்டிப் பக்கம் திரும்பமாட்டாள். பார்சல் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "உங்க அசுராள்ளாம் சாப்ட்டாச்சா?" என்று வாசலிலிருந்து கேட்பாள். ஆச்சு என்றால்தான் உள்ளே வருவாள். நீயோ ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஊர்க் குளிரிலிருந்து போன் செய்து, ஹலோவுக்கு முன்னால், "சாப்ட்டுதாப்பா?" என்பாய். அடுத்தது, "அம்மா எப்படி இருக்கா?" அதோடு நெட்வொர்க் போய்விடும். என் முறை வரும்போது மட்டும் போய்விடும் நெட்வொர்க் அது.

இனி போன தசராவுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதை, பெண்வீட்டார் கொலு பார்க்க வந்தார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள், சம்மதம் சொன்னார்கள். நடந்தது வேறு. தொட்டி யானை கட்டி இழுத்தாலும் நகராது என்பதால் கொலுப்படியை அம்மா தொட்டியை ஒட்டியே கட்டினாள். பள்ளிகொண்ட பெருமாள் பொம்மையைத் தொட்டிக்கு முன்னால் வைத்தாள். திருப்பாற்கடல் தயார். தெருவே வந்து பார்த்தது. பார்க்க வந்தவர்கள், "மாமா, இது என்ன பிராணி? என்ன சாப்பிடும்?" என்று கேட்க, என் நாக்கு சும்மா இருக்குமா? "துளசி தீர்த்தம், ஒரு சொட்டு. ஏகாதசி அன்று அதுவும் கிடையாது" என்றேன். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி கண்ணாடிக்கு முன்னால் ஒரு பாட்டே பாடிவிட்டுப் போனாள்.

நிஜத்தில் அந்த நாட்களில் துளசி தீர்த்தம்கூட இல்லை. கடலோரத்தில் மழை, முங்கிப் பிடிக்கிறவர்கள் கடலில் இறங்கவில்லை, நட்சத்திரம் வரவில்லை என்று கடைக்காரர் கைவிரித்துக்கொண்டே இருந்தார். ஜோடி தொட்டியின் ஒவ்வொரு பாறையையும் தடவித் தேடி அலுத்து, ராஜா ஒரு மூலையிலும் ராணி ஒரு மூலையிலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். விசிறிகள் ஆடவில்லை. உனக்கு நான் சொல்லவில்லை. "சாப்ட்டுதாப்பா?" என்றாய். "விருந்தே நடந்தது" என்றேன். இதில் அம்மா வேறு ஒரு சட்டம் போட்டிருந்தாள். கொலு இறங்கும்வரை வீட்டில் ஓர் உயிர் போகக்கூடாது. கொசுவைக்கூடக் கைகூப்பி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் வைதேகியும் அவள் அப்பா அம்மாவும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். நீ முந்தின நாளே, "அப்பா, ப்ளீஸ், சொதப்பிடாதே. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று கெஞ்சியிருந்தாய். நீ எதையும் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் நான் கூடுதல் சிரத்தையாகச் சொதப்பினேன். உன் மாமனார் நல்ல மனுஷர், வந்ததும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உன் மாமியார் கண்ணை மூடுகிற ஜாதி இல்லை. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் துளசி தீர்த்தத்தில் ஆரம்பித்தேன். அப்படியே உன்மேல் தாவினேன். நீ ரசம் வைத்தால் அந்த நார்வே ஊர் மேயர் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார் என்றேன். பனியில் நீ சந்தியாவந்தனம் செய்வதைப் பார்க்கப் பனிக்கரடி வருகிறது என்றேன். உன் அம்மா சமையலறையிலிருந்து பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அது எனக்குச் சிவப்பு சிக்னல். நான் பார்க்காமல் ஓட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ. ஓட்டுநர் தலையை உள்ளே நீட்டி, கொலு, குத்துவிளக்கு, பட்டுப்புடவை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தைக்கே கேட்கிற குரலில், "ஸார், மீன் பார்சல் பந்திதே" என்று கன்னடத்தில் பார்சல் வந்த சேதியைச் சொன்னார்.

"மெத்தகே மாதாடப்பா" என்று ஓடினேன். மெதுவாகப் பேசு என்று நான் சொன்னது அவரைத் தவிர எல்லாருக்கும் கேட்டது. மாமியார், "மீனா?" என்றார். "மீன் மாதிரி. ஆனா மீன் இல்லை. பூஜை சாமான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு பின்வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வந்த நட்சத்திரத்தை உடனே தொட்டியில் விட முடியாது. பையிலிருக்கும் தண்ணீரும் நம் தொட்டித் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். ஒரு வாளியில் அதை விட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற மாதிரி. நான் வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும்போது வைதேகி வந்து நின்றாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் குந்தினாள்.

"மாமா, இது அந்த ரெண்டுக்கும் சாப்பாடுதானே?"

"சேச்சே. இது ஒரு விருந்தாளி."

"உங்க பிள்ளை எனக்கு எல்லாம் சொல்லியிருக்கார் மாமா. தீர்த்தம் கதைய எங்கம்மாகிட்ட வெச்சுக்கோங்கோ. எப்ப கடைசியா சாப்ட்டுது?"

சொன்னேன். அவள் எழுந்து கூடத்துக்குப் போய்த் தொட்டி முன்னால் குனிந்தாள். நான் பின்னாலேயே போனேன். உன் அம்மா சுண்டல் கிண்ணத்தோடு வந்து வழியை மறித்தாள்.

"ஏன்னா, என்ன பெட்டி அது? கொலு இறங்கற வரைக்கும் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? பெருமாளுக்கு முன்னாடி வெச்சு அறுக்கப் போறேளா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் அந்தத் தாழ்ந்த குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உனக்குத் தெரியும்.

"ரெண்டு நாள்தானே, தாங்கும்" என்றேன் நான். தாங்காது என்று எனக்குத் தெரியும்.

வைதேகி நிமிரவில்லை. "அத்தை, இங்க வாங்கோளேன்."

"நான் அதப் பாக்கறதில்லைம்மா."

"ஒரு நிமிஷம் அத்தை. இவ வயித்துக்கு அடியில பாருங்கோ."

உன் அம்மா, இத்தனை காலத்தில் முதல் முறையாக, தொட்டியருகே போய்க் குனிந்தாள். ராணி பாறையோரமாக ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்கு அடியில் கொத்தாக, பச்சை பாய்ந்த முட்டைகள். கால்களால் அவற்றை மெதுவாக விசிறிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற நான் அதைக் கவனித்திருக்கவில்லை. துளசி தீர்த்தம் சொல்வதற்கே எனக்கு நேரம் போதவில்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிய முகத்தை உன்னிடம் விவரிக்க மாட்டேன். "பிள்ளைத்தாச்சியப் பட்டினி போட்டுண்டா இங்க வரவா போறவாளுக்கெல்லாம் சுண்டல் கொடுத்துண்டிருக்கோம்? நவராத்திரிக்கு வீட்டுக்கு வந்தவ அவளும்தானே?" என்றாள்.

"நீதானே உயிர் போகக்கூடாதுன்னு..."

"வாயைத் திறக்காதேங்கோ. போய் எடுத்துண்டு வாங்கோ."

"தண்ணி இன்னும் பழகணும்டி."

"அப்போ போய்ப் பழக்குங்கோ."

வைதேகி நேராகப் போய்த் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, இந்த ரெண்டும் தீர்த்தமெல்லாம் குடிக்காது. நட்சத்திர மீனத்தான் சாப்பிடும், உயிரோட. ரொம்ப நாளாப் பட்டினி. இன்னிக்கு இங்கேயே போடப் போறோம். பாக்கப் பிடிக்கலேன்னா அத்தையோட உள்ள போய் உக்காந்துக்கோ" என்றாள். எனக்குக் காலடியில் தண்டவாளம் விலகியது. இந்தச் சம்பந்தம் காவிரியோடு போயிற்று, நார்வேயில் என் பிள்ளை பனியில் தலையை முட்டிக்கொள்ளப்போகிறான் என்று நினைத்தேன்.

உன் மாமியார் எழுந்திருக்கவில்லை. நான் பின்வராந்தாவுக்குப் போய், தண்ணீர் பழகும்வரை சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் மாமனார் லேசாகக் குறட்டை விட்டது ஒன்றுதான் கூடத்திலிருந்து வந்த சத்தம். பிறகு நான் நட்சத்திரத்தைத் தாங்கி வந்து தொட்டிக்குள் இறக்கினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ராஜாவின் மீசை துடித்தது. விசிறிகள் ஆடின. மூலையிலிருந்து அவர் நடந்து வந்தார், பட்டத்து யானை வருகிற நடையில். ராணி எதிர்மூலையிலிருந்து வந்தாள். அவர் நுனியைப் பிடித்து நெம்பினார். பட்டினியில் பலம் போதாமல் விட்டார். மறுபடி பிடித்தார். அந்த இடுக்கில் அவள் நுழைந்தாள். உன் அம்மா கையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ராணிக்கு நேராக ஒரு பொட்டு வைத்தாள். நட்சத்திரம் புரண்டது.

உன் மாமியார் அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "அது என்ன சாப்பிடணும்னு இருக்கோ அதைச் சாப்பிடறது. அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. நீங்க எதுக்கு மாமா தீர்த்தம்னு சொன்னேள்?" நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "அப்போ பிள்ளையைப் பத்திச் சொன்னதுல எவ்வளவு நிஜம்? மேயரும் கரடியும் வேண்டாம். நெஜமா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. போதும்."

மகனே, ரயில்வேயில் அதிகாரிகள் என்னை எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், நான் திணறியதில்லை. அன்று திணறினேன். உன்னைப் பற்றி அளக்காமல் ஒரு வாக்கியம் தேடினால் கையில் எதுவும் கிடைக்கவில்லை. நீ மார்க் வாங்கியதையா, வேலைக்குப் போனதையா? அதெல்லாம் எல்லார் பிள்ளைகளும் செய்வது. தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் நான் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன் ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணி இதுங்க சாப்ட்டுதான்னு கேப்பான். அப்புறம் அவன் அம்மாவைக் கேப்பான். என்னைக் கேக்க மாட்டான். கேட்டா நான் நெஜம் சொல்லமாட்டேன்னு அவனுக்குத் தெரியும். அதனால இதுங்களைக் கேப்பான். இதுங்க சாப்ட்டா, அப்பா எழுந்து நடமாடறார்னு அர்த்தம். கடைக்காரன் திருப்பி எடுத்துக்கறேன்னுதான் சொன்னான். இவன் கொடுக்கலை. எனக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு வெச்சுட்டுப் போனான். அதை என்கிட்ட சொன்னதும் இல்லை."

இதைச் சொல்லும்வரை இது எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்த பிறகுதான் நானும் கேட்டேன். உன் அம்மா படியிலிருந்த பொம்மை ஒன்றை எடுத்து, துடைக்க அவசியமே இல்லாத அதைத் துடைத்தாள். வைதேகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மாமியார் காலிக் கிண்ணத்தை உன் அம்மா பக்கம் நீட்டி, "சுண்டல் இன்னும் கொஞ்சம் போடுங்கோ மாமி. தேங்காய் அதிகமா" என்றார். அந்த நிமிஷமே உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. உன் மாமனார் கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றார். இன்றுவரை யாரும் அவருக்கு முழுசாகச் சொல்லவில்லை. அவர் உன் கையைப் பிடிக்க வரும்போது நீயாவது சொல்லு.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் தூசுமாதிரி மிதந்து, நிலைக்கவில்லை. அப்படித்தான் ஆகும் என்று நீ பின்னால் சொன்னாய். ஆனால் ராஜாவும் ராணியும் மறுபடி ஒரே பாறைக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறார்கள். அம்மா இப்போது பார்சல் வந்தால் கோயிலுக்குப் போவதில்லை. சமையலறை வாசலில் நின்று, "அவளுக்கு எடம் விடச் சொல்லுங்கோ, அவரே எல்லாத்தையும் இழுத்துக்கறார்" என்று தீர்ப்புச் சொல்கிறாள். அசுராள் என்ற பெயர் போய்விட்டது.

உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. வைதேகியிடம் துளசி தீர்த்தம் விற்காதே. அவள் வாங்கமாட்டாள். பசியாயிருந்தால் பசி என்று சொல். அவள் குனிந்து பார்க்கச் சொன்னால், உன் அம்மாமாதிரி பிடிவாதம் பண்ணிவிட்டாவது, குனிந்து பார். மீதியை நீங்கள் இருவருமாகப் புரட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு நீங்கள் இருவரும் போன் செய்வீர்கள். இறாலைக் கேள், அம்மாவைக் கேள். அதன்பிறகு நெட்வொர்க் போகவில்லை என்றால் என்னையும் கேள். அளக்காமல் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு தடவை முயன்று பார்க்கிறேன்.

முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏறுவதில்லை. ராத்திரி சரியாகத் தூங்குகிறேன். நீ இல்லாத வீடு பெரிதாக இருக்கிறது. ராஜாவும் ராணியும் சாப்பிட்டாயிற்று.

உன் மாமனார் வந்துகொண்டிருப்பார். இதை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கையை நீட்டு.

உன் அப்பா